ஆரணி மில் அழைக்கிறது

முதலில் அது பஸ்ஸின் நடுக்கம் என்றுதான் தணிகைவேல் நினைத்துக்கொண்டான். சோழிங்கநல்லூரில் கிளம்பிய ஆபீஸ் பஸ் பெரும்பாக்கத்தைத் தொடுவதற்குள் நின்றுவிட்டது, முன்னால் எங்கோ ஒரு ஜல்லி லாரி சாய்ந்து கிடக்கிறதாம், ஏசிக்காக எஞ்சினை அணைக்காமல் வைத்திருந்ததில் இருக்கை, ஜன்னல் கண்ணாடி, காலடித் தகடு எல்லாம் லேசாக உதறிக்கொண்டிருந்தன, அதில் தொடையோரம் ஓர் உதறல் கூடுதலாக இருந்தால் அதைத் தனியாகப் பிரித்துப் பார்க்க வேண்டியதில்லை. ஆனால் பஸ்ஸின் நடுக்கம் விட்டு விட்டு வராது. இது வந்தது, நின்றது, மறுபடி வந்தது. பாக்கெட்டிலிருந்து போனைப் பாதி இழுத்துப் பார்த்தான். ஆரணி மில். சட்டென்று உள்ளே தள்ளிவிட்டுப் பக்கத்தில் பார்த்தான். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த சுகந்தி அக்கா ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள், பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் ஒன்றுமில்லை, அதற்காகத்தானே பெயரை மாற்றி வைத்தது. ஆரணி மில் என்றால் அப்பா. இந்தக் கோடை தொடங்கும்வரை அந்த எண் அப்பா என்றுதான் இருந்தது. ஒருநாள் கேன்டீன் மேசையில் போனைத் திறந்து வைத்துவிட்டுக் கை கழுவப் போய்த் திரும்பும்போது, இப்போது அழைப்பு வந்திருந்தால் என்று தோன்றியது, அன்றைக்கே கழிவறைக்குள் நின்றுகொண்டு அந்த மூன்று எழுத்தையும் ஒவ்வொன்றாக அழித்தான். அழிக்கும்போது கை கூசியது. வெறும் பெயர்தானே, ஆளை அழிக்கவில்லையே என்று சொல்லிக்கொண்டான். ஆளை அழித்தது அதற்கு முன்பே.

அதிர்வு நின்றது. புதன்கிழமை சாயங்காலத்தில் அப்பா கூப்பிட்டதே கிடையாது. அவர் வேலை பார்க்கும் அரிசி மில்லுக்கு ஞாயிற்றுக்கிழமைதான் லீவு, ஞாயிறு காலையில் கூப்பிடுவார், அதுவும் ஒரு நிமிடம் தாண்டாது. சாப்ட்டியா. சாப்ட்டேம்பா. ஒடம்பு நல்லா கீதா. ம். அப்ப வெச்சிடறேன். இந்த நேரத்துக்கு அவர் களத்தில் இருக்க வேண்டும், அவித்துக் கொட்டிய நெல்லைக் காலாலேயே வகிர்ந்துகொண்டு, பக்கவாட்டில் நண்டு நகர்வதைப் போல நகர்ந்துகொண்டு, பிறகு குவித்துத் தார்ப்பாய் போர்த்திவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார். வீட்டில் இருப்பது ஒரே போன், அதை அவர்தான் வேலைக்கு எடுத்துப் போவார், அம்மா பேச வேண்டுமென்றால் அவர் வந்த பிறகுதான். அப்படியானால் இப்போது கூப்பிட்டது அப்பாதானா, இல்லை அப்பாவின் போனிலிருந்து வேறு யாராவதா. களத்து சிமெண்ட் தரை வழுக்கும். பாய்லர் பக்கம் வேலை வேண்டாம் என்று முதலாளியிடம் சொல்லிவிட்டதாகப் போன ஞாயிறு சொன்னாரா, சொல்லலாமா என்று கேட்டாரா? நினைவில்லை. அவர் பேசும்போது இவன் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தான். "இந்தா, புடி" என்றாள் சுகந்தி அக்கா. நான்கு சுளைகள் அவன் உள்ளங்கையில் விழுந்தன. "காலைல இருந்து உன் மூஞ்சி சரியில்ல. அந்த பெட்டி தொலஞ்ச அம்மாவோட மெயிலா?" "ஆமாக்கா" என்றான். இல்லை என்று சொல்வதைவிட ஆமாம் என்பது எப்போதும் சுலபமாக இருந்தது.

வெளிநாட்டு விமானக் கம்பெனி ஒன்றுக்கு வரும் புகார்களுக்குப் பதில் எழுதுவது அவர்கள் வேலை. உங்கள் வருத்தத்தை நாங்கள் உணர்கிறோம் என்று கம்பெனி எழுதிக்கொடுத்த வரியை நாள் முழுக்க வேறு வேறு ஊர்க்காரர்களுக்கு அனுப்ப வேண்டும். தணிகைவேல் அந்த வரியை மட்டும் அனுப்ப மாட்டான், பெட்டிக்குள் என்ன இருந்தது என்று ஒரு வரி கேட்பான், அதற்குப் பதில் வந்தால் அதற்கும் ஒரு வரி எழுதுவான். சுகந்தி அக்காதான் குழுவுக்குத் தலைவி, அவள் இவனுடைய பதில்களை எல்லோருக்கும் படித்துக் காட்டுவாள். இதுல ஒரு மனுஷன் இருக்கான் பாருங்க, என்பாள். அதைக் கேட்கும்போதெல்லாம் காது சூடாகும். அவன் குடும்பத்தில் காலேஜ் படி ஏறிய முதல் ஆள் அவன், கண்ணாடி வைத்த கட்டடத்துக்குள் வந்த நாளிலிருந்து தான் பேசும் ஒவ்வொரு சொல்லையும் உள்ளே ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் வெளியே விடுவான், அதற்குள் பேச்சு வேறு இடத்துக்குப் போயிருக்கும், சிரிக்க வேண்டிய இடத்தில் தாமதமாகச் சிரிப்பான். எழுத்தில் மட்டும் அந்தத் தாமதம் தெரியாது. ஒரு பொய்கூட எழுதாதவன். அப்படித்தான் தன்னைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தான், கோடைக்குச் சற்று முன்னால் வந்த அந்தத் திங்கட்கிழமை வரைக்கும்.

திங்கட்கிழமை காலையில் வேலைக்கு முன்னால் கீழ்த்தளத்துப் பயிற்சி அறையில் நாற்காலிகளை வட்டமாகப் போட்டு உட்கார வைப்பார்கள். ஆட்கள் நிற்காமல் வேலையை விட்டுப் போகிறார்கள் என்பதற்காக மேலிடம் கண்டுபிடித்த ஏற்பாடு, மனம் விட்டு என்று அதற்குப் பெயர். வாரம் இரண்டு பேர் தங்களைப் பற்றி உண்மையாக ஏதாவது சொல்ல வேண்டும். கேட்பவர்கள் கேள்வி கேட்கக் கூடாது, ஆறுதல் சொல்லக் கூடாது, வெளியே வந்த பிறகு அதைப் பற்றிப் பேச்செடுக்கக் கூடாது. அவன் முறை வந்தபோது ஒன்றைத் தயார் செய்து வைத்திருந்தான், கேன்டீனில் எல்லோரோடும் சேர்ந்து உட்காரப் பயமாக இருக்கிறது, என்ன பேசுவதென்று தெரியவில்லை, அதனால் சீக்கிரம் போய்ச் சாப்பிட்டுவிடுகிறேன் என்பதை. உண்மை அதுதான், அதைச் சொல்லியிருந்தால் போதும். ஆனால் அவனுக்கு முன்னால் பேசியது சுகந்தி அக்கா. அவள் அப்பா போய் இரண்டு வருஷமாகிறதாம். அவர் எண்ணை இன்னும் அழிக்கவில்லையாம். "சில நாள் போட்டுப் பாப்பேன். அந்த நம்பர வேற யாருக்கோ குடுத்துட்டாங்க. ஒருத்தர் எடுத்து ஹலோங்கறாரு. வெச்சிடுவேன்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். குழுவில் எல்லோரையும் கேலி பேசும் பெனிட்கூடத் தலை குனிந்திருந்தான். அடுத்தது நீங்க என்பதுபோல எல்லா முகமும் இவன் பக்கம் திரும்பியபோது, கேன்டீன் பயம் கையில் ஒரு சில்லறை நாணயம் போல அற்பமாக இருந்தது. வாய் திறந்தது. எனக்கும் அப்பா இல்லீங்க, என்றது. நான் காலேஜ் ரெண்டாவது வருஷம் படிக்கறப்போ.

ஏன் சொன்னான்? பரிதாபத்துக்காக இல்லை, அதை மட்டும் உறுதியாகச் சொல்லலாம், சொல்ல முடியுமா? அவள் தனியாக நின்றிருந்த இடத்துக்குப் போய்ப் பக்கத்தில் நிற்க வேண்டும் போலிருந்தது, அந்த இடத்துக்குப் போக வேறு வழி தெரியவில்லை, அவ்வளவுதான் என்று இவன் பலமுறை தனக்குச் சொல்லிப் பார்த்திருக்கிறான், ஒவ்வொரு முறையும் கடைசியில் ஏதோ ஒன்று இடறும். இடறுவது பொய் இல்லை. பொய்க்குப் பின்னால் வந்ததெல்லாம் உண்மையாக இருந்ததுதான். அப்பாவின் சட்டையில் வரும் அவித்த நெல்லின் வாசனை. ராத்திரி தின்னும் சோற்றைவிட அந்த வாசனைதான் பசியைக் கிளப்பும் என்று சொன்னான். குதிகால் வெடிப்பில் அரிசித் தவிடு அப்பியிருப்பது, அதை அம்மா ஊசியால் எடுப்பது, எடுக்கும்போது அவர் சிரிப்பது. மெஷின் சத்தத்திலேயே இருபது வருஷம் இருந்து காது மங்கிப்போய் அவர் எல்லோரிடமும் கத்தித்தான் பேசுவார், ரகசியம் சொன்னால்கூடத் தெரு முழுக்கக் கேட்கும், எனக்கு மார்க் வந்த அன்று எதிர்வீட்டுக்காரர்களுக்கு நாங்கள் சொல்லவே வேண்டியிருக்கவில்லை. அந்த இடத்தில் வட்டத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள். சுகந்தி அக்கா அழுதுகொண்டே சிரித்தாள். அவன் வாழ்க்கையில் முதன்முறையாகச் சிரிக்க வேண்டிய இடத்தில் மற்றவர்கள் சரியாகச் சிரித்தார்கள். இதில் ஒரு வரியைக்கூட அப்பாவிடம் அவன் சொன்னதில்லை. அம்மாவிடமும் இல்லை. உயிரோடிருக்கிற ஆளைப் பற்றி இப்படியெல்லாம் யாரும் பேசுவதில்லை, அவர்கள் வீட்டில் அப்படி ஒரு பேச்சே கிடையாது, சாப்ட்டியாவுக்கும் வெச்சிடறேனுக்கும் நடுவில் அதற்கு இடம் எங்கே? அவரைப் பற்றிப் பேச வேண்டுமானால் அவரை முதலில் அனுப்பிவிட வேண்டியிருந்தது. கேள்வி கேட்கக் கூடாது என்பதால் எந்த ஆஸ்பத்திரி, என்ன வியாதி என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அங்கேயே மாட்டியிருப்பான், அது நல்லதாகப் போயிருக்கும்.

போன் மறுபடி அதிர்ந்தது. இந்தத் தடவை இருக்கையின் பிளாஸ்டிக்கில் பட்டு உர்ரென்று சத்தமாகவே கேட்டது. "யார்றா அது விடாம?" என்று பின் சீட்டிலிருந்து பெனிட் எட்டிப் பார்த்தான். "ஆளா? எடுடா, அக்கா இருக்காங்கன்னு வெக்கப்படாத." "சும்மா இர்றா" என்றான் தணிகைவேல். "பாருங்கக்கா, காது செவக்குது. ஆளேதான்." சுகந்தி அக்கா திரும்பினாள், இவன் பாக்கெட்டை அமுக்கப் போக, அவசரத்தில் போன் நழுவி இரண்டு பேருக்கும் நடுவில் மல்லாந்து விழுந்தது. திரையை அவள் படித்துவிட்டாள். படித்தவளின் முகம் இளகியது. "ஆரணி மில்லுனு வருது" என்றாள், குரலைத் தாழ்த்தி, பெனிட்டுக்குக் கேட்காதபடி. "அப்பா வேல செஞ்ச எடமாடா?" தலையை ஆட்டினான். "எடு. ஏன் எடுக்க மாட்டேங்கற? கஷ்டமா இருக்கா?" அதற்குள் நின்றுவிட்டது. "அப்பாவத் தெரிஞ்சவங்க கூப்பிட்டா எடுத்துடணும்டா. எங்கப்பாவத் தெரிஞ்சவங்க மொதல்ல தினம் கூப்பிடுவாங்க. இப்ப யாரும் இல்ல. நானா கூப்பிட்டாலும் என்னம்மா விஷயம்ங்கறாங்க." அவள் போனை எடுத்து அவன் மடியில் வைத்தாள், தூங்கும் குழந்தையை வைப்பதைப் போல. வெளியே பைக்குகள் நடைபாதையில் ஏறிப் போய்க்கொண்டிருந்தன.

இரண்டு தடவை. அப்பா இரண்டு தடவை கூப்பிடுகிறவர் இல்லை. எடுக்கவில்லையென்றால் வேலையாக இருப்பான் என்று விட்டுவிடுவார், ஆபீஸ் என்றால் அவருக்கு ஒரு பயம், தன்னால் மகனுக்கு ஏதாவது திட்டு விழுமோ என்று. அப்படியானால் இது அவர் இல்லை. உள்ளங்கையில் ஆரஞ்சுச் சுளைகள் நசுங்கிச் சாறு மணிக்கட்டு வழியாக இறங்கியது. சின்ன வயதில் விளையாட்டாக யாராவது செத்துட்டான் என்று சொன்னால்கூட அம்மா ஓடிவந்து வாயில் அடிப்பாள், நல்ல வாய்ல பேசு, வாய்ல வர்றது பலிச்சிடும் என்பாள், மூன்று முறை தூ தூ என்று துப்பச் சொல்வாள். பயிற்சி அறையில் யாரும் துப்பச் சொல்லவில்லை. அவன் படித்தவன், சொல்லுக்கு அப்படி ஒரு சக்தி இருந்தால் அவன் எழுதும் மன்னிப்புகளால் இந்நேரம் எத்தனை பெட்டிகள் திரும்பி வந்திருக்க வேண்டும், இதெல்லாம் நன்றாகத் தெரியும், தெரிந்தும் நாக்கடியில் எச்சில் ஊறியது, பஸ்ஸுக்குள் எங்கே துப்புவது. நாளை ஆரணிக்குப் போக வேண்டியிருக்குமோ. இன்றைக்கேவா. லீவு கேட்க வேண்டும். சுகந்தி அக்காவிடம் என்ன காரணம் சொல்வது, அப்பா என்று சொல்ல முடியாதே, அம்மாவைச் சொல்வதா, சித்தப்பா என்று சொல்வதா, அப்பாவுக்குக் கொள்ளி வைத்துவிட்டு வந்து மொட்டைத் தலைக்குச் சித்தப்பா என்று காரணம் சொல்வதா, சித்தப்பாவுக்கு யாராவது மொட்டை போடுவார்களா, திருப்பதி போனேன் என்று சொல்லலாம். இவ்வளவு தூரம் போன பிறகுதான் தான் என்ன யோசிக்கிறோம் என்பது அவனுக்கு உறைத்தது. உறைத்தும் நிற்கவில்லை. அதற்கடியில் இன்னொன்று புழுப்போல நெளிந்தது. அப்படி ஏதாவது ஆகியிருந்தால் இனிமேல் அது பொய்யில்லை. ஒரு கணம்தான். ஒரு கணம்கூட இல்லை, கண் இமைப்பதில் பாதி. ஆனால் அந்தப் பாதியில் அவன் நெஞ்சிலிருந்து ஒரு சுமை இறங்கியது, நிஜமாகவே இறங்கியது, அதை அவன் உணர்ந்தான், உணர்ந்ததை இனி உணராததாக ஆக்க முடியாது.

அந்தத் திங்களுக்குப் பிறகு சுகந்தி அக்கா அவனுக்குப் பக்கத்தில் உட்கார ஆரம்பித்திருந்தாள், பஸ்ஸிலும் கேன்டீனிலும். விதிப்படி அவள் அதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. சாம்பாரில் உப்பில்லை என்பாள், வீட்டுக்காரர் வாங்கி வந்த செருப்பு கடிக்கிறது என்பாள், ஒருநாள் ஒன்றுமே பேசாமல் தயிர்சாதத்தைப் பாதி எடுத்து இவன் தட்டில் வைத்தாள். இந்த ஊரில் அவனிடம் பேச வேண்டும் என்பதற்காகப் பேசிய முதல் மனுஷி. அவளிடம் சொல்லிவிடலாம் என்று எத்தனையோ மாலை இந்த இருக்கையில் உட்கார்ந்து வார்த்தையைக் கோத்திருக்கிறான், அக்கா, ஒண்ணு சொல்லணும், அதற்கு மேல் கோக்க வராது. சொன்னால் அவள் எழுந்து போய்விடுவாள். சொல்லாவிட்டால் அவள் உட்கார்ந்திருப்பது இவன் பக்கத்தில் இல்லை, இல்லாத ஒருத்தன் பக்கத்தில்.

மூன்றாவது தடவை வந்தது. அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். அணைத்துவிட முடியாது. அவன் மனசு அவசரமாக ஒரு வழியைக் கண்டுபிடித்தது, எடுத்து, அப்பா என்ற சொல்லே வராமல், அந்நியரிடம் பேசுவதைப் போலப் பேசிவிடலாம், சொல்லுங்க, நான் வெளில இருக்கேன், அப்புறம் கூப்பிடறேன். அப்பா குழம்ப மாட்டார். பக்கத்தில் பெரிய அதிகாரி இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு, சரிங்க, என்பார். மகனிடம் சரிங்க என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவார், அம்மாவிடம் போய் மீட்டிங்குல கீறான் என்று பெருமையாகக் கத்துவார். அவர் கத்துவது வெளியே கேட்காதபடி சத்தத்தைக் கடைசிவரை குறைத்தான். காதோடு அழுத்திக்கொண்டான். சொல்லுங்க, என்று உதட்டைத் தயாராக வைத்துக்கொண்டான்.

"ஹலோ" என்றது ஒரு குரல். தாழ்ந்த குரல். பக்கத்தில் நோயாளி படுத்திருந்தால் பேசுவார்களே, அப்படி. யாரோ வயதானவர். மில் சத்தம் இல்லை, தெருச் சத்தம் இல்லை, கத்தல் இல்லை. "ஹலோ, தணிகைவேலுங்களா?"

"யாரு பேசறது?" என்றான். "யாருங்க? எங்கப்பா எங்க? எங்கப்பாவுக்கு இன்னா ஆச்சு?" எழுந்து நின்றிருந்தான், எப்போது எழுந்தான் என்று தெரியவில்லை. "அப்பாகிட்ட குடுங்க. அப்பாகிட்ட போனக் குடுங்க!"

பஸ் முழுக்கத் திரும்பியது. முன் சீட்டில் ஒரு பெண் காதிலிருந்து ஒயரை உருவினாள்.

"டேய், நான்தான்டா" என்றது அந்தக் குரல். "இன்னாடா ஆச்சு ஒனக்கு? நான்தான், அப்பா." மெல்லச் சிரிப்பு. "கொரலு தெர்லியா? ஆபீஸ்ல வேற யார்னா எடுத்துட்டாங்களோன்னுதான் உன் பேரச் சொல்லிக் கேட்டேன். காதுல மிசினு வெச்சாங்கடா இன்னிக்கு. பெரியாஸ்பத்திரியில முகாம் போட்டாங்க, மொதலாளி அனுப்பினாரு. கத்தாதய்யா, கத்தாதன்னு அத மாட்டிவுட்ட பொண்ணு சொல்லிச்சி. என் கொரலே எனக்குப் புச்சா கீது. அதான் ஒனக்குப் போட்டேன். உன் கொரலு எப்டி கீதுன்னு கேட்டதே இல்ல நானு, இத்தன நாளா காது அடச்சிக்கினுதான கேட்டிருக்கேன். வேலையா கீறியா?"

"இல்லப்பா" என்றான். மறுபடி இருக்கையில் உட்கார்ந்தான். "இல்லப்பா, இல்லப்பா." ஒவ்வொரு முறையும் அந்தச் சொல் வெளியே விழுந்தது, இத்தனை நாள் அடைத்து வைத்ததெல்லாம் சேர்த்து விழுவதைப் போல, அதை நிறுத்த அவனுக்குத் தெரியவில்லை.

சுகந்தி அக்கா அவனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கோபம் இருந்தால் தேவலை என்று தோன்றியது. முகத்தில் கோபம் இல்லை, ஏதோ கணக்கு, முதலில் இருந்து ஒவ்வொன்றாகத் திரும்பப் போய்ப் பார்க்கிற பார்வை, செருப்பு, தயிர்சாதம், அந்தத் திங்கட்கிழமை, அவள் அழுதது, அவள் சிரித்தது. ஆரஞ்சுத் தோலையெல்லாம் ஒரு கைக்குள் திரட்டிக்கொண்டாள். பையைத் தோளில் மாட்டினாள். "கொஞ்சம் வழி விடுறீங்களா" என்றாள். அவன் காலை மடக்கிக்கொண்டான். அவன் மேல் படாமல், முன் சீட்டின் கம்பியைப் பிடித்துத் தன்னை ஒடுக்கிக்கொண்டு வெளியே வந்து, டிரைவருக்குப் பின்னால் காலியாக இருந்த இடத்தில் போய் உட்கார்ந்தாள். நாளைக்கு யாரும் கேட்க மாட்டார்கள், அடுத்த திங்கட்கிழமையும் கேட்க மாட்டார்கள், கேட்கக் கூடாது என்பது விதி, அவரவர் தட்டை எடுத்துக்கொண்டு அவரவர் மேசைக்குப் போவார்கள்.

"பஸ்ஸா?" என்றார் அப்பா. "ஏதோ சத்தம் வந்துச்சே. பக்கத்துல யார்னா கீறாங்களா? அப்பறம் பேசட்டா?"

தணிகைவேல் பக்கத்து இருக்கையைப் பார்த்தான். ரெக்சினில் அவள் உட்கார்ந்திருந்த பள்ளம் மெதுவாக மேலெழும்பிக்கொண்டிருந்தது.

"யாரும் இல்லப்பா."

"அப்ப பேசு."

வட்டமாகப் போட்ட நாற்காலிகளுக்கு நடுவில் தங்குதடையில்லாமல் வந்ததில் ஒன்றாவது இப்போது வர வேண்டும் என்று தேடினான். நெல் வாசனை, குதிகால், அம்மாவின் ஊசி. எல்லாம் இருந்தன, ஒன்றும் வாய்க்கு வரவில்லை. "சாப்ட்டியாப்பா?" என்றான்.

"பொழுதே சாயல, இப்ப இன்னாடா சாப்பாடு?" அப்பா சிரித்தார். "வேற எதுனா பேசு."

அவன் வாயைத் திறந்து வைத்திருந்தான். மூச்சு மட்டும் போய்க்கொண்டிருந்தது. மறுமுனையில் அவர் அதையும் கேட்டுக்கொண்டிருந்தார் போல, வைக்கவில்லை.

"கேக்குதுடா" என்றார், அவனுக்குப் பழக்கமில்லாத அந்தத் தணிந்த குரலில். "எல்லாம் நல்லா கேக்குது. பேசு."